பிள்ளையின் நிறை என்ன?

2015 பெப்ரவரி 11, புதன்

காலை ஏழரைக்கே ஆஸ்பத்திரி வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை போய்விட்டது. காற்று மாறியிருக்கிறது. மணலும் இருமலும் ஒன்றாக வந்திருக்கின்றன. மருந்து கொடுக்கும் என்னுடைய ஜன்னலில் இன்று நூற்று அறுபத்தெட்டு மருந்துத் துண்டுகள், அரைவாசிக்கு மேல் பிள்ளைகளுடையவை. காய்ச்சல், தொண்டை, காதில் சீழ், கால் புண்.

டொக்டர் யாக்கோபு தனியாளாகப் பார்க்கிறார். வடக்கிலிருந்து வந்தவர், நல்ல மனிதர், மத்தியானம் வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. பிள்ளைகளின் துண்டில் மருந்தின் பெயரும் வயதும் மட்டுமே எழுதுவார். அளவுக்கு என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வயது அட்டை இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை அமொக்சிசிலின் பாணி ஒரு கரண்டி, நாளுக்கு மூன்று தரம். எட்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து இப்போது அட்டையைப் பார்ப்பதேயில்லை. கை தானாகவே எழுதும்.

உப்பளத்தில் வேலைசெய்யும் ஜுனைதா மகளுடன் வந்திருந்தாள். ஷிம்லா, ஐந்து வயது முடிய இன்னும் இரண்டு மாதம். வாட்டசாட்டமான பிள்ளை. காய்ச்சலிலும் என் பேனையைக் கேட்டு அழுதது. ஒரு போத்தல், ஒரு கரண்டி, மூன்று தரம். அனுப்பிவிட்டேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

என் வீட்டுக்காரர் நஸீர் எத்தாளைத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். நான் துணி துவைத்தேன், தூங்கினேன். வேறொன்றுமில்லை.

பெப்ரவரி 16, திங்கள்

ஜுனைதா திரும்பி வந்தாள். வரிசையில் நிற்கவில்லை, நேரே உள்ளே ஓடி வந்தாள். ஷிம்லாவின் மூக்கு விரிந்து விரிந்து மூடுகிறது. விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுகிறது. டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “நியூமோனியா. அம்புலன்ஸ்!” என்று கத்தினார்.

அம்புலன்ஸ் வரும்வரை ஜுனைதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு வேளையும் தவற உடல்ல மிஸ். அஞ்சு நாளும் நீங்க செல்லித் தந்த மாதிரியேதான் குடுத்த. நீங்க தந்த மருந்துதானே?”

அவள் கையிலிருந்த போத்தலை வாங்கிக்கொண்டேன்.

புத்தளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு டொக்டர் போன் எடுத்தார். என்ன மருந்து கொடுத்தது, எத்தனை நாள் என்று விவரம் கேட்கிறார்கள். நான் பக்கத்தில் போத்தலோடு நின்றேன். டொக்டர் சட்டென்று போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பிள்ளையின்ர நிறை என்ன எண்டு கேக்கினம்.”

தெரியாது. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது.

பெப்ரவரி 17, செவ்வாய்

வேலை முடிந்து பஸ் ஏறிப் புத்தளம் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஷிம்லா மூக்கில் ஒட்சிசன் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தாள். ஜுனைதா என்னோடு பேசவில்லை. கதிரையை மட்டும் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

பிள்ளைகள் வாட்டில் இருந்த டொக்டர் சின்ன வயதுப் பெண், பேச்சு சிங்களம் கலந்த தமிழ். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைக் காட்டினாள். முதல் வரியே நிறைதான்: பதினெட்டரைக் கிலோ. “இந்தப் பிள்ளைக்கு நீங்க குடுத்த அளவு பத்துக் கிலோப் பிள்ளைக்குத்தான் போதும், மிஸ். கிருமி சாகாது. கொஞ்சம் மயங்கும், பிறகு எழும்பும்.” குற்றஞ்சாட்டும் குரலே இல்லை. பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் இன்னும் கூடக் குத்தியது.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். ஒரு வயதில் ஒன்பது கிலோப் பிள்ளை. ஐந்து வயதில் பதினெட்டரைக் கிலோப் பிள்ளை. இரண்டு பேருக்கும் ஒரே கரண்டி! எட்டு வருடம். என் கையாலேயே — யா அல்லாஹ், எத்தனை போத்தல்? எத்தனை பிள்ளை?

பெப்ரவரி 21, சனி

ஷிம்லாவுக்கு ஒட்சிசன் எடுத்துவிட்டார்களாம். பாண் கேட்டாளாம். அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 2, திங்கள்

ஒரு வாரமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழைய பதிவேடுகளைப் பார்க்கிறேன். ஜனவரியில் அன்டிபயோட்டிக் பாணி கொண்டுபோன ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில், அதே நோய் வருத்தத்தோடு பத்து நாளுக்குள் திரும்பி வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அப்படியானால் ஒவ்வொரு வேலை நாளும் ஒருவர் அல்லது இருவர் என் ஜன்னலுக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். நான் காணவில்லை. இரண்டாவது போத்தலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அதே அளவில்.

அவர்களின் நிறையை எங்கே தேடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மிட்வைஃப் றோசமேரி அக்கா சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தா. கேட்டேன். சிரித்தா.

“மாசாமாசம் நான் என்ன செய்யிறன் எண்டு நினைச்சனீ? ஊரில இருக்கிற குஞ்சு குருமான் எல்லாத்தையும் தராசில தூக்கித் தூக்கி என்ர தோள் போச்சு. நிறை எல்லாம் என்ர புத்தகத்தில கிடக்கு.”

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், நாற்பது அடி தூரத்தில், அவவின் அறை. அந்தப் புத்தகத்தை நாங்கள் ஒருநாளும் திறக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நாற்பத்தொரு பேரில் முப்பத்திரண்டு பேரின் நிறை கிடைத்தது. அதில் இருபத்தேழு பேர் பன்னிரண்டு கிலோவுக்கு மேல், ஒரு கரண்டி போதாதவர்கள்.

இருபத்தேழு! எழுதிவிட்டுப் பென்சிலை வைத்துவிட்டேன். சந்தோசமா பயமா என்று தெரியவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு துள்ளல். எதைக் கண்டுபிடித்தேன் என்று நினைத்ததும் அது அடங்கிவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

டொக்டரிடம் தாளை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். முகம் சிவந்துவிட்டது.

“அக்கீலா மிஸ், நீங்க மருந்தைக் குடுங்கோ. அளவை நான் பாக்கிறன்.”

“நீங்க பாக்கிறல்ல சேர். அட்டைதான் பாக்கிற.”

வாயிலிருந்து வந்துவிட்டது. திருப்பி எடுக்க முடியுமா?

அவர் தாளை இரண்டாக மடித்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். ஒரு நாளுக்கு நூற்று அறுபது பேர், ஒருவருக்கு இரண்டு நிமிடம், அதில் பிள்ளையின் உடுப்பைக் கழற்றி நிறுத்துக் கணக்குப் போட யாருக்கு நேரம்? பெரிய பிள்ளைக்குக் கூட்டிக் கொடுத்தால் ஒரு போத்தல் போதாது, இரண்டு வேண்டும். மாதக் கடைசியில் அலுமாரி காலி, அப்போது சின்னப் பிள்ளைக்கு எங்கே போவது? அந்த அட்டை அவர் வருவதற்கு முன்னிருந்தே அங்கே இருக்கிறது. எல்லாம் நியாயமான கேள்விகள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். நஸீர் தோட்டத்து மண் காலோடு வந்து குசினி வாசலில் குந்தினார். “என்ன புள்ள, யாரும் மவுத்தாகிட்டாங்களா?” எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு மனிசன் ஆச்சரியப்பட்டார்.

“வெங்காயத்துக்கு மருந்தடிக்கிறதெண்டாலும் நிலம் எவ்வளவு எண்டு பாத்துத்தானே கலக்கிற? பாத்தி எப்ப நட்ட எண்டு பாத்து எந்தப் பைத்தியக்காரன் கலப்பான்?”

இந்தப் பேச்சை நான் ஆஸ்பத்திரியில் பேசியிருக்க வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

நாள் முழுவதும் மேசையில். ஜனவரி மாதத்துப் பிள்ளைகளில் நிறை கிடைத்த எல்லோருக்கும், நிறைப்படி கொடுத்திருந்தால் எத்தனை போத்தல் போயிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டேன். பெரியவர்களுக்குக் கூடுகிறது, உண்மை. ஆனால் திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்த இரண்டாவது, மூன்றாவது போத்தல்கள் மிஞ்சுகின்றன. வெறும் தடிமன், சளிக்கு அன்டிபயோட்டிக்கே தேவையில்லை என்று டொக்டரே அடிக்கடி சொல்வார், வரிசை நீண்டதும் எழுதிவிடுவார். அவற்றையும் கழித்துப் பார்த்தேன்.

பதினொரு போத்தல் மிச்சம் வருகிறது. மூன்று தரம் கூட்டினேன். மூன்று தரமும் பதினொன்று.

மார்ச் 17, செவ்வாய்

தாளைக் கொடுத்தேன். இம்முறை கதிரையில் உட்கார்ந்து வாசித்தார். தன் பேனையால் ஒரு வரியைக் கூட்டிப் பார்த்தார், இன்னொரு வரியையும். “ஒரு மாசம் செய்து பாப்பம்” என்றார். “ஏப்பிரலில். வரிசை நிண்டுபோச்செண்டால் அடுத்த நாளே நிப்பாட்டுவன்.”

சரி சேர், சரி சேர் என்று மூன்று தரம் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 1, புதன்

முதல் நாள். படுதோல்வி.

றோசமேரி அக்காவின் பழைய தராசை வாசல் விறாந்தையில் வைத்தோம். குழந்தைகளுக்குத் தொங்கும் தராசு, நிற்கக்கூடியவர்களுக்குத் தட்டையானது. தாதி ஒருவர் நிறையைச் சத்தமாகச் சொல்ல, அற்றென்டன் துண்டில் எழுதினார். பத்து மணிக்குள் வரிசை தெருவுக்குப் போய்விட்டது. “இதென்ன, மீன் நிறுக்கிறாங்களா?” என்று ஒருவர் சத்தம் போட்டார். மீன்காரர்தான், அதனால் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பெண்கள் சிரிக்கவில்லை. பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு பின்னால் போய் நின்றார்கள். பன்னிரண்டு பிள்ளைகள் நிறுக்காமலே என் ஜன்னலுக்கு வந்தார்கள்.

டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

காரணம் கண்ணூறு! ஒரு தாய் என் காதருகே வந்து சொன்னாள்: “பத்துப்பேருக்கு முன்னால புள்ளட நிறையச் சத்தம்போட்டுச் செல்றீங்க மிஸ். கொழுத்த புள்ள எண்டு ஊரே பாக்குது. பொறகு காய்ச்சல் கூடாம என்ன செய்யும்?”

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? என் உம்மா எனக்கே செய்திருப்பாவே இதை.

தராசைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தினோம், ஒரு திரை போட்டோம். யாரும் வாய் திறப்பதில்லை. எண்ணைத் துண்டில் எழுதி மடித்துத் தாயின் கையிலேயே கொடுப்பது. நேற்று பின்னால் போய் நின்றவர்கள்கூட இன்று மறுக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

ஜுனைதா வந்தாள். தனக்குக் கைப்புண், உப்பு அரித்தது. ஷிம்லா கூடவே வந்து வரிசையை மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தாள். வரிசையின் நடுவில் ஒரு கிழவர் பேரனை நிறுக்க விடாமல் வாதாடுகிறார். தாதி சொல்லிப் பார்த்தாள், றோசமேரி அக்கா சொல்லிப் பார்த்தா. ஜுனைதா வரிசையை விட்டு வெளியே வந்து, இடுப்பில் கையை வைத்து, உப்பளத்தில் காற்றுக்கு எதிரே கத்தும் அந்தக் குரலில் ஆரம்பித்தாள்.

“அப்பா, என்ட புள்ளய இங்க ஒருத்தரும் நிறுக்கல்ல. வயசக் கேட்டாங்க, மருந்தத் தந்தாங்க, போனன். ஆறாம் நாள் மூச்செடுக்க ஏலாமப் போச்சு. பெரியாஸ்பத்திரிலதான் நிறுத்தாங்க. புள்ள பொழச்ச. இந்தா ஓடித்திரியுது, பாருங்க. நீங்க உங்கட பேரன நிறுக்கப் போறீங்களா, நான் தூக்கி வெக்கவா?”

கிழவர் பேரனைத் தூக்கிக்கொண்டு திரைக்குள் போனார்.

பிறகு ஜுனைதா என் ஜன்னலுக்கு வந்தாள். பெப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். “மிஸ், பெரியாஸ்பத்திரிக்கு நீங்க வந்த அன்னைக்கு நான் கதைக்கல்ல. மனசு எரிஞ்ச.” நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “உடுங்க” என்றாள். “களிம்பத் தாங்க. வேலைக்குப் போகணும்.”

ஏப்ரல் 30, வியாழன்

மாதம் முடிந்தது. திரும்பி வந்த பிள்ளைகள் பதினாறு.

பதினாறு! ஜனவரியில் நாற்பத்தொன்று. டொக்டர் பதிவேட்டைத் தானே எண்ணினார். எண்ணி முடித்து, “மே மாசமும் செய்யலாம்” என்றார். அவருடைய பாசையில் அது பொன்னாடை.

மே 19, செவ்வாய்

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

புதிய போத்தல்கள் வந்திருந்தன. மூடி, அளவு, மாம்பழ வாசனை எல்லாம் அதே. லேபிளில் மட்டும் ஒரு கரண்டிக்கு நூற்றிருபத்தைந்துக்குப் பதிலாக இருநூற்றைம்பது மில்லிகிராம். இரண்டு மடங்கு செறிவு. நான் பார்க்கவில்லை. பழைய கணக்கில் எழுதிக் கொடுத்துக்கொண்டே போனேன். எட்டாவது போத்தலை எடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது.

ஏழு பிள்ளைகள். மூன்று பேர் இன்னும் விறாந்தையில்தான், ஓடிப்போய்ப் பிடித்தேன். நான்கு பேர் போய்விட்டார்கள். டொக்டரிடம் நேரே போய்ச் சொன்னேன். மறைக்க நினைத்தேனா? ஓம், ஒரு நொடி நினைத்தேன். எழுதிவைக்கிறேன்.

“இந்த மருந்து ரெண்டு மடங்கு போனதால பெரிசா ஒண்டும் நடக்காது” என்றார். பிறகு, “ஆனால் நாளைக்கு வேற மருந்தாயிருக்கும். போங்கோ, போய்ப் பிடியுங்கோ. ஜன்னலை நான் பாக்கிறன்.”

ஓட்டோ பிடித்தேன். துண்டின் மறுபாதியில் பெயரும் ஊரும் இருந்தன. ஒருவர் நுரைச்சோலைப் பக்கம், இரண்டு பேர் கடற்கரை மீன்வாடிகளில். நான்காவது, அலீமா என்ற பெண்ணின் பிள்ளை. அவள் வீட்டை யாருக்கும் தெரியவில்லை. மணலில் ஓட்டோ புதைந்து, இறங்கித் தள்ளி, கடைசியில் ஒரு கருவாட்டுப் பந்தலுக்குக் கீழே கண்டேன். பிள்ளையை மடியில் போட்டு, மூடியைத் திறந்து, கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். “பொறு, பொறு!” என்று நான் கத்தியதில் பக்கத்தில் இருந்த காகமெல்லாம் பறந்தது.

நான்கும் கிடைத்தன. ஒருவரும் ஒரு வாயும் குடித்திருக்கவில்லை.

அலீமா தேடிய கரண்டியைப் பார்த்தேன். சோற்றுக்குப் பயன்படுவது. ஐந்து மில்லி எங்கே, இது எங்கே! அளவைச் சரியாகக் கணக்குப் போட்டு, கடைசியில் இந்தக் கரண்டியில் ஊற்றினால்?

மே 20, புதன்

டொக்டரும் நானும் இன்று தீர்மானித்தவை. இனித் துண்டில் மருந்தின் பெயரோடு அளவையும் அவரே எழுதுவார், கரண்டியில் அல்ல, மில்லிகிராமில். அதை மில்லிலீற்றராக மாற்றுவது என் வேலை, ஒவ்வொரு தரமும் லேபிளைப் பார்த்த பிறகு. கரண்டி கிடையாது. ஊசியில்லாத சிறிஞ்ச் ஒன்று, அதில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு. பொடி மருந்தை நானே ஆறவைத்த தண்ணீரில் கலந்து கொடுப்பேன். வீட்டில் கிணற்றுத் தண்ணீரைக் கண்மட்டத்துக்கு ஊற்றுவது இனியில்லை.

“நேற்று நீங்க வந்து சொல்லாட்டி?” என்று கேட்டார்.

“சொன்னேனே சேர்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்” என்றார்.

மே 31, ஞாயிறு

திரும்பி வந்தவர்கள் ஒன்பது பேர்!

ஜூன் 24, புதன்

நோன்பு. வெயில் கொளுத்துகிறது. தாய்மார் தாங்களாகவே செருப்பைக் கழற்றி, பிள்ளையின் பெம்பஸைக் கழற்றித் தராசுக்குத் தயாராக நிற்கிறார்கள். வரிசை முன்னரைவிட வேகமாக நகர்கிறது, திரும்பி வருகிறவர்கள் குறைந்ததால். டொக்டர் பதினொரு மணிக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடிப்பதைக் கண்டேன். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு, “நோன்புகாரர் முன்னால குடிக்கிறன், சொறி” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிசனுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் கிடைத்ததே எனக்குப் பெருநாள்தான்.

ஜூலை 3, வெள்ளி

ஜும்ஆ நேரம், ஆஸ்பத்திரி வெறிச்சென்று கிடந்தது. பன்னிரண்டரைக்கு ஒரு வான் வந்து நின்றது. ஐந்து நாள் குழந்தை. தொப்புள் சிவந்து வீங்கியிருக்கிறது. உடம்பு கொதிக்கவில்லை, குளிர்கிறது, அதுதான் பயம். காலையிலிருந்து பால் உறிஞ்சவில்லை. தாய் கத்தரினா, மீன்பிடிக் குடும்பம். பிள்ளையைப் பெற்ற உடம்பு, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “கண் திறக்குதில்ல மிஸ், கண் திறக்குதில்ல.”

அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு சிலாபம் போயிருந்தது. வர ஒரு மணி நேரம். டொக்டர் சொன்னார்: “காத்திருக்க ஏலாது. முதல் ஊசி இஞ்சதான்.”

இரண்டு ஊசி. அதில் ஒன்று ஜென்டமைசின். அமொக்சிசிலின் மாதிரியல்ல அது. குறைந்தால் குழந்தை போய்விடும். கூடினால் சிறுநீரகமும் காதும் போய்விடும். ஒரு துளிக்குள் எல்லாம் இருக்கிறது.

பிறந்தபோது மூன்று தசம் நான்கு கிலோ என்று பிறப்பு அட்டையில் இருந்தது. தாதி அதை வாசித்தாள். “வேணாம், இண்டைக்கு நிறுங்க” என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. றோசமேரி அக்கா குழந்தையைத் துணியோடு தூக்கி வைத்து, துணியைத் தனியாக நிறுத்துக் கழித்தா. மூன்று தசம் இரண்டு.

டொக்டர் மேசையில் ஒரு தாளில் கணக்குப் போட்டார். நான் என் மேசையில் வேறொரு தாளில் போட்டேன். ஒருவர் மற்றவருடையதைப் பார்க்கக்கூடாது என்று மே மாதத்திலேயே பேசிவைத்திருந்தோம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

பதினாறு மில்லிகிராம். பதினாறு மில்லிகிராம்.

புட்டியின் லேபிளை நான் சத்தமாக வாசித்தேன். டொக்டர் சத்தமாக வாசித்தார். தாதி வாசித்தாள். பூச்சியம் தசம் நான்கு மில்லி, சின்னச் சிறிஞ்சில். மூன்று பேரும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். டொக்டர் இரண்டு ஊசியையும் போட்டார்.

அம்புலன்ஸ் வந்தபோது பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கத்தரினா ஏறும்போது என் கையை ஒருதரம் இறுகப் பிடித்துவிட்டு ஏறினாள்.

நோன்பு திறக்கும்போதும் வாயில் ஈச்சம்பழம் ருசிக்கவில்லை. துஆவில் இன்றைக்கு ஒரே பெயர். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அதனால் தாயின் பெயரைச் சொன்னேன்.

ஜூலை 4, சனி

செய்தியில்லை.

ஜூலை 6, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன். பெப்ரவரியில் கண்ட அதே சின்ன டொக்டர் பிள்ளை. டொக்டர் யாக்கோபு ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பேபி பால் குடிக்குது சேர். இரத்தத்தில கிருமி இருந்தது, இப்ப குறையுது. முதல் ஊசி நேரத்துக்குப் போனதுதான் காப்பாத்தினது. அளவும் சரியா எழுதி அனுப்பினீங்க, நிறையும் எழுதியிருந்தது. நாங்க ஒண்டும் மாத்தல்ல, அப்படியே தொடர்ந்தோம். யார் நிறை பாத்தது?”

“எங்கட ஆக்கள்” என்றார் டொக்டர். “இஞ்ச நிறுக்காமல் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கிறதில்லை.”

இஞ்ச நிறுக்காமல் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கிறதில்லை! எவ்வளவு பெருமையாகச் சொன்னார்! நான் மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவில் நின்று, சத்தமில்லாமல் இரண்டு தரம் குதித்தேன். முப்பத்துநான்கு வயது. யாரும் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது டொக்டர் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஏறி நின்று வயது அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆணி வரவில்லை. கத்தரிக்கோலால் நெம்பினார். சுவரில் வெளிறிய சதுரம் ஒன்று மிஞ்சியது. “இதில ஒண்டையும் மாட்டாதேங்கோ” என்றார்.

ஜூலை 18, சனி

பெருநாள். வட்டிலாப்பம் கெட்டியாகவே வரவில்லை, நஸீர் குடித்தார். நல்ல நாள்.

ஆகஸ்ட் 12, புதன்

மாகாண அலுவலகத்தில் கூட்டம். பதினான்கு சின்ன ஆஸ்பத்திரிகளின் டொக்டர்மாரும் மருந்தாளர்களும். திரும்பி வரும் பிள்ளைகள் எங்கள் ஆஸ்பத்திரியில் ஏன் குறைந்தார்கள் என்று கேட்டார்கள். டொக்டர் யாக்கோபு எழுந்து நின்றார். எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தாலும் கோபித்திருக்கமாட்டேன்.

“பிழை எங்கட. கண்டுபிடிச்சது இவ” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எழுந்தேன். ஆரம்பத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் ஷிம்லாவின் பதினெட்டரைக் கிலோவைச் சொல்லும்போது திடமாகிவிட்டது. என் தவறையும் சொன்னேன், ஏழு போத்தலையும், ஓட்டோவையும். பின்வரிசையில் ஒரு மருந்தாளர் கையை உயர்த்தினார், என்னைவிட வயதானவர். “எங்கட இடத்திலயும் அப்பிடி நடந்த மிஸ். நாங்க யாருக்கும் சொல்லல்ல.” இன்னொரு கை உயர்ந்தது. இன்னொன்று.

இரண்டு மணி நேரம் என்னை உட்கார விடவில்லை. பெரிய பிள்ளைக்கு நிறையால் பெருக்கும்போது வளர்ந்தவரின் அளவைத் தாண்டினால்? தாண்டக்கூடாது, அங்கே நிறுத்த வேண்டும். சிறுநீரக வருத்தமுள்ள பிள்ளைக்கு? அது நிறைக் கணக்குக்குள் அடங்காது, நாங்களாகத் தீர்மானிப்பதும் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியைக் கேட்க வேண்டும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் நிப்பாட்டும் தாய்மாரை என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். டொக்டர் கடைசிவரை வாசலில் நின்று என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒக்டோபரிலிருந்து பதினான்கு இடத்துக்கும் தராசு.

ஆகஸ்ட் 31, திங்கள்

நான்கு பேர். அதிலும் ஒருவருடைய வீட்டில் மருந்தை ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

செப்டெம்பர் 12, சனி

உம்மாவைப் பார்க்கப் புத்தளம் பஸ்ஸில். எனக்குப் பின் இருக்கையில் முன்பின் தெரியாத இளம் பெண், முகம்கூடப் பார்க்கவில்லை. போனில் தங்கச்சியோ யாரோ. தங்கச்சியின் பிள்ளைக்குக் காய்ச்சல், கடையில் பாணி வாங்கப் போகிறாள் போலும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“காய்ச்சலா? அதுக்கு ஏன் கடைல வாங்கிற? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. முதல்ல புள்ளய நிறுக்கச் செல்லு. என்னத்துக்கா? என்னத்துக்கெண்டு கேக்குறியே! நிறுக்காம எப்பிடி மருந்து குடுக்கிற?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உப்பளம் முழுக்க வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது.